1947-ல் எழுதிய 2015-ஆம் ஆண்டுப் புத்தகம்

ஆர்தர் கெப்பல்-ஜோன்ஸ் என்ற தென்னாப்பிரிக்க வரலாற்று ஆசிரியர் 1947-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பெயர் 'ஸ்மட்ஸ் போன பிறகு'. துணைத்தலைப்பு இப்படிப் போகிறது: '1952 முதல் 2010 வரையிலான தென்னாப்பிரிக்க வரலாறு, முதற்பதிப்பு 2015'. முழுக்க முழுக்கக் கற்பனை. ஆனால் பாத்திரங்களின் மனசுக்குள் நுழைந்து வெளியே வருகிற நாவல் எழுத்து அதில் கிடையாது. 2015-ல் உட்கார்ந்திருக்கும் ஒரு வரலாற்றாசிரியர், நடந்து முடிந்ததைச் சொல்லும் நிதானத்தோடு, தேர்தல்களையும் சட்டங்களையும் கலவரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார்.

அப்போது பிரதமராக இருந்தவர் ஸ்மட்ஸ். அவருக்குப் பிறகு ஆப்பிரிக்கானர் தேசியவாதிகள் ஆட்சியைப் பிடிப்பார்கள், நாட்டைக் குடியரசாக்குவார்கள், வெள்ளையர் அல்லாதவர்களை நசுக்குவார்கள் என்று புத்தகம் சொன்னது. நிஜத்தில் தேசியக் கட்சி அவர் போட்ட கணக்குக்கு முன்பாகவே, 1948-ல் வந்துவிட்டது. குடியரசு 1961-ல் வந்தது.

டர்பனில் இந்தப் புத்தகத்தைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் முதலில் வரும் கேள்வி, "எவ்வளவு பலிச்சது?" என்பதுதான். இலக்கியம் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்கிறது, எப்படிக் கதையாக்குகிறது என்பதைப் படிக்க வந்தவள் நான். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. பலித்ததா என்று பார்க்கச் சோதிடக் கட்டம் இருக்கிறது. கதையிடம் நான் கேட்பது வேறு. சொல்கிறவர் காலத்தில் எந்த இடத்தில் நின்றுகொண்டு சொல்கிறார்? அவர் காட்டும் நாளையில் யாருக்கெல்லாம் வாய் இருக்கிறது? இந்த இரண்டு கேள்வியையும் விடாமல் கேட்டால், எதிர்காலக் கதை என்பது எழுதப்பட்ட ஆண்டின் பயத்தையும் ஆசையையும் மறைக்க முடியாத எழுத்து என்று தெரிந்துவிடும்.

கெப்பல்-ஜோன்ஸையே எடுத்துக்கொள்ளலாம். இன ஒடுக்குமுறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தன் சமூகத்தைச் சேர்ந்த பெரும்பாலோரைவிடத் தெளிவாகப் பார்த்தவர் அவர். தன் மக்களை எச்சரிக்கத்தான் எழுதினார். சொன்னது நடக்கக்கூடாது என்பதே அவர் விருப்பம். ஆனால் புத்தகத்தின் கடைசிப் பகுதியில், வெள்ளையர் ஆட்சி விழுந்து கறுப்பின மக்களின் ஆட்சி வந்தபிறகு நாடு சீரழிந்துபோவதாகவே எழுதுகிறார். 2015-ல் நிற்பதாகச் சொல்லும் அந்தக் குரல் அங்கே 1947-ன் குரலாகிவிடுகிறது. ஒடுக்குமுறை உடையும் என்று பார்க்க முடிந்த மனிதரால், அது உடைந்தபிறகு மற்றவர்கள் ஒரு நாட்டை நடத்துவார்கள் என்று பார்க்க முடியவில்லை. பல விஷயங்களை அவர் சரியாகக் கணித்திருந்தாலும் இந்த ஓர் இடத்துக்காகத்தான் நான் அந்தப் புத்தகத்தை மாணவர்களுக்குக் கொடுப்பேன்.

இந்த வகை எழுத்து இங்கே தொடர்ந்து வந்திருக்கிறது. 1963-ல் ஆந்தனி டேலியஸ், டர்பன் இருக்கும் எங்கள் நேட்டால் மாகாணம் தனியாகப் பிரிந்து போவதாக ஒரு நையாண்டி எழுதினார். ஆனால் இதை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனது நடீன் கார்டிமர் 1981-ல் எழுதிய 'ஜூலையின் மக்கள்'. உள்நாட்டுப் போர் வெடிக்கிறது. ஜோஹனஸ்பர்க்கிலிருந்து ஒரு வெள்ளைக் குடும்பம், தங்கள் வீட்டில் பல வருடம் வேலை பார்த்த ஜூலையின் கிராமத்துக்குத் தப்பி ஓடுகிறது. போரை நமக்கு நேரடியாகக் காட்டவே மாட்டார். ரேடியோவில் வரும் செய்தி, அதுவும் விட்டு விட்டு. கெப்பல்-ஜோன்ஸ் அரை நூற்றாண்டை மேலிருந்து பார்த்தார். கார்டிமர் ஒரு குடிசைக்குள் உட்கார்ந்து சில வாரங்களைப் பார்க்கிறார்.

அந்த நாவலில் என்னை நிறுத்தி வைத்தது ஒரு வண்டிச் சாவி. குடும்பம் தப்பி வந்தது ஒரு மஞ்சள் பிக்கப் வண்டியில். இங்கே எல்லோரும் 'பாக்கி' என்று சொல்லும் வண்டி அது. ஜூலை அதை ஓட்டக் கற்றுக்கொள்கிறான். கடைக்குப் போய் வருகிறான். ஒருநாள் சாவியைத் திருப்பித் தராமல் தன்னிடமே வைத்துக்கொள்கிறான். கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை எஜமானர்களுக்கு. அவன் திருடவில்லை. அவர்களுக்குச் சாமான் வாங்கத்தான் போனான். முன்பு அவர்கள் வீட்டுச் சாவியெல்லாம் அவனிடம்தான் இருந்தது, அப்போது யாரும் கவலைப்படவில்லை. ஒரு நாட்டில் அதிகாரம் கைமாறும் என்பதை நூறு பக்கம் அரசியல் பேசிச் சொல்லலாம். கார்டிமர் ஒரு சாவி யார் சட்டைப்பையில் இருக்கிறது என்பதை வைத்துச் சொல்லிவிட்டார். பதினைந்து வருடமாக ஜூலை என்று கூப்பிட்டவனின் உண்மைப் பெயர் ம்வாவாட்டே என்பதும் அந்தக் கிராமத்தில்தான் தெரியவருகிறது.

கடைசியில் ஒரு ஹெலிகாப்டர் வந்து இறங்குகிறது. உள்ளே இருப்பவர்கள் காப்பாற்ற வந்தவர்களா, கொல்ல வந்தவர்களா என்று தெரியாமலே அந்தக் குடும்பத்துப் பெண் அதை நோக்கி ஓடுகிறாள். அங்கே நாவல் முடிந்துவிடுகிறது. அதுவரை நடந்ததைச் சொல்லிவந்த எழுத்து, கடைசிப் பக்கங்களில் 'ஓடுகிறாள்' என்று நிகழ்காலத்துக்கு மாறிவிடும். 1981-ல் அதற்கு அப்பால் நின்று சொல்ல ஓர் இடம் இல்லை என்பதை அந்த நூலாசிரியர் ஒத்துக்கொண்ட விதமாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன். தெரியாத இடத்தில் தெரிந்தமாதிரி எழுதாத நேர்மை அது.

மூன்றாவதாக ஒரு நிலை இருக்கிறது. எதிர்காலத்தைப் பழங்காலத்தில் ஒருவர் வாயில் வைத்துச் சொல்வது. சால் ப்ளாட்ஜே எழுதிய 'ம்ஹூடி' 1930-ல் அச்சானது. கறுப்பினத்தவர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய தென்னாப்பிரிக்க நாவல்களில் முன்னோடி. கதை 1830-களில் நடக்கிறது. போரில் தோற்றுப்போன அரசர் ம்ஸிலிகாஸி, வெள்ளையரோடு கூட்டுச் சேர்ந்து தன்னைத் தோற்கடித்த பரோலாங் மக்களைப் பார்த்து, 'உங்கள் கூட்டாளிகள் நாளைக்கு உங்கள் நிலத்தையே பிடுங்குவார்கள், உங்கள் பிள்ளைகளைச் சுமைமாடாக்குவார்கள்' என்ற பொருளில் ஒரு தீர்க்கதரிசனம் சொல்கிறார். 1830-களில் நிற்கிறவருக்கு அது எதிர்காலம். ப்ளாட்ஜேக்கோ அது கண்ணெதிரே நடந்தது. 1913-ல் வந்த நிலச்சட்டம் கறுப்பின மக்களை அவர்கள் மண்ணிலிருந்தே துரத்தியதை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதியவர் அவர். அதை நேரடியாகச் சொன்னால் முறையீடு. ஒரு நூற்றாண்டுக்கு முன்னாலேயே சொல்லப்பட்டது என்று சொன்னால் அது தீர்ப்பு.

நம் ஆட்கள் இதைக் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார்கள். விஷ்ணு புராணத்தில் பராசரர் மைத்ரேயருக்கு, இனிமேல் ஆளப்போகும் அரசர்கள் என்று நந்தர்களையும் சந்திரகுப்தனையும் வரிசைப்படுத்துகிறார். புராணத்தை இப்போதிருக்கும் வடிவில் எழுதியவர்களுக்கு அவர்கள் எல்லோரும் என்றோ ஆண்டு முடித்தவர்கள். சிலப்பதிகாரத்திலும் கண்ணகி கெட்ட கனா கண்டதைத் தோழி தேவந்தியிடம் சொல்லிவிடுகிறாள். கேட்கிற நமக்குப் பதிகத்திலேயே முழுக் கதையும் தெரியும். என்ன நடக்கும் என்று தெரிந்தபிறகும், அவள் மதுரைக்கு நடக்கும் ஒவ்வோர் அடியும் நம்மைப் பதற வைக்கிறது. அதே இளங்கோவைப் பற்றிக் காவியத்தின் கடைசியில் வரும் செய்தியைத்தான் நான் வகுப்பில் அடிக்கடி சொல்வது. அரசாளும் இலக்கணம் இவனுக்குத்தான் என்று ஒரு நிமித்திகன் சொல்ல, அண்ணன் செங்குட்டுவன் மனம் வருந்தக்கூடாது என்று துறவு பூண்டவர் அவர். சொல்லப்பட்ட எதிர்காலத்தைத் தன் வாழ்க்கையாலேயே நடக்கவிடாமல் செய்த ஒருவர்தான், ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்ற காவியத்தை எழுதினார். இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குத் தீரவில்லை.

பாரதி இன்னும் துணிச்சலான இடத்தில் நின்றார். 'ஆனந்த சுதந்திரம் அடைந்து விட்டோமென்று' ஆடச் சொன்னவர் 1921-லேயே போய்விட்டார். வரப்போகிறது என்று சொல்லவில்லை, வந்துவிட்டது என்று பாடினார். பாடுகிறவர்களை அந்த நாளுக்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிடுகிற பாட்டு அது. அடக்குமுறை இருக்கும் நாட்டில் இப்படிப் பாடுவதே ஒரு செயல்.

அந்த மாதிரி ஒரு செயலை ஓர் அரசாங்கம் நீதிமன்றத்தில் நிறுத்திய கதை தென்னாப்பிரிக்காவில் உண்டு. 1955 ஜூன் 25, 26 தேதிகளில் ஜோஹனஸ்பர்க் பக்கத்தில் க்ளிப்டவுன் மைதானத்தில், இன ஒடுக்குமுறையை எதிர்த்த இயக்கங்களின் கிட்டத்தட்ட 3,000 பிரதிநிதிகள் கூடினார்கள். அதற்கு முன்னால் தொண்டர்கள் நாடெங்கும் போய், 'சட்டம் எழுதும் அதிகாரம் உங்களிடம் இருந்தால் என்ன எழுதுவீர்கள்?' என்று கேட்டு, துண்டுக் காகிதங்களில் பதில் வாங்கி வந்திருந்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் சுதந்திர சாசனம். மக்களே ஆள்வார்கள், கல்வியின் கதவுகள் திறக்கப்படும், வீடுகள் இருக்கும் என்று வரிக்கு வரி எதிர்காலத்தில் பேசும் ஆவணம். இலக்கிய வகுப்பில் அதை யாரும் பாடமாக வைப்பதில்லை. வைக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் மேலே சொன்ன எந்த நூலிலும் இல்லாதது இதில் இருக்கிறது. நாளையைச் சொல்பவர் ஓர் ஆள் கிடையாது.

இரண்டாம் நாள் மதியம் போலீஸ் சூழ்ந்துகொண்டது. கையில் கிடைத்த எல்லா எழுத்தையும் சாட்சியமாக அள்ளினார்கள். சமையல் பகுதியில் வைத்திருந்த 'இறைச்சி சேர்த்த சூப்', 'இறைச்சி சேர்க்காத சூப்' என்ற அட்டைகளையும் விடவில்லை. அடுத்த வருடம் 156 பேர்மேல் தேசத்துரோக வழக்கு. டர்பனைச் சேர்ந்த இந்தியர்களின் தலைவர் டாக்டர் மாண்ட்டி நாய்க்கரும் அவர்களில் ஒருவர். சாசனத்தின் நாளை வரவேண்டுமானால் இன்றைய அரசை வன்முறையால் கவிழ்த்தாகவேண்டும், ஆகவே இது சதி என்று அரசுத் தரப்பு வாதாடியது. வருடக்கணக்கில் இழுத்து, 1961 மார்ச்சில் கடைசியாக மிஞ்சியிருந்தவர்களும் விடுதலையானார்கள். ஒரு பிரதியை எப்படி வாசிப்பது என்று நாலு வருஷத்துக்குமேல் வழக்கறிஞர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். எதிர்காலத்தைக் கற்பனை செய்வது பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு அந்த வழக்கு நடவடிக்கைகளைக் காட்டவேண்டும்.

அரசாங்கமும் எதிர்காலக் கதை சொன்னதுதான். அது எங்கள் ஆட்களைப் பற்றியது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் 342 பேர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக டர்பனில் இறங்கினார்கள். 1911 வரை வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒப்பந்தம் ஐந்து வருடம். வேலை முடியும், ஆள் திரும்புவான் என்பது வெள்ளைக் குடியேறிகள் எழுதிவைத்த நாளை. தங்கிவிட்டவர்கள்மேல் 1895 சட்டத்தின்படி வருடத்துக்கு மூன்று பவுன் தலைவரி போட்டார்கள். பிறகு பணம் கொடுத்துக் கப்பலேற்றும் திட்டங்கள் வந்தன. 1948-ல் ஆட்சிக்கு வந்தவர்களின் கொள்கையிலும் இந்தியர்கள் திருப்பி அனுப்பவேண்டிய அந்நியர்கள்தான். 1961-ல்தான் இவர்கள் இந்த நாட்டின் நிரந்தர மக்கள் என்று அரசு ஏற்றுக்கொண்டது. நூறு வருடம், நீங்கள் இல்லாத ஒரு நாளையை உங்களிடமே வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் குடியிருக்கும் வீட்டுப் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவேன். அவர் டர்பனிலேயே கேட்டோ மேனர் பகுதியில் பிறந்தவர். வெள்ளையர் பகுதி, இந்தியர் பகுதி என்று நகரத்தைப் பிரித்த 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், அவர்கள் தெரு வெள்ளையருக்கு என்று அறிவிக்கப்பட்டது. வரைபடத்தில் கோடு போட்டாகிவிட்டது, காலி செய்யச் சொல்லும் காகிதம் வருவதுதான் பாக்கி. அந்தச் சமயத்தில் ஆயாவின் அப்பா சமையலறைக்குச் சிமென்ட் தரை போட்டாராம். "அம்மா சத்தம் போட்டாங்க. போகப்போற வீட்டுக்கு எதுக்குத் தரைன்னு. அப்பா ஒண்ணும் சொல்லல. தண்ணி தெளிச்சு தெளிச்சு மட்டம் பார்த்துக்கிட்டே இருந்தாரு," என்றார் ஆயா. பிறகு காகிதம் வந்தது, வீடு இடிபட்டது. சாட்ஸ்வொர்த்துக்கு வந்தார்கள். கோயில்கள் மட்டும் கேட்டோ மேனரிலேயே நின்றுவிட்டன. இன்றைக்கும் காவடிக்கு அங்கேதான் போகிறோம். "அப்பாவுக்குத் தெரியாம இருக்குமா ஆயா?" என்று கேட்டேன். "தெரியும்மா. எல்லாருக்கும் தெரியும்," என்றார். அந்தத் தரையை எந்த நாவலாவது எழுதியிருந்தால் நான் அதைக் கார்டிமரின் சாவிக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுவேன்.

இந்த நாட்டின் புதிய எழுத்தாளர்கள் இப்போது வேறு மாதிரி எழுதுகிறார்கள். லாரன் ப்யூக்ஸ் 2008-ல் வெளியிட்ட 'மாக்ஸிலேண்ட்' கைபேசியே அடையாளமும் தண்டனையுமாகிவிட்ட கேப் டவுனைக் காட்டியது. மொஹாலே மாஷிகோ தன் சிறுகதைத் தொகுப்பின் முன்னுரையில், கறுப்பினத்தவரின் எதிர்காலத்தைக் கற்பனை செய்யும், அமெரிக்காவிலிருந்து வரும் ஆஃப்ரோஃப்யூச்சரிசம் என்ற கலைப்போக்கு ஆப்பிரிக்காவிலேயே வாழ்கிறவர்களுக்கானது இல்லை, நம் நாளையை நம் நாட்டார் கதைகளிலிருந்து எடுப்போம் என்று வாதிட்டார். ஸேக்ஸ் ம்டா 2000-ல் எழுதிய நாவலில், 1856-57-ல் மாடுகளைக் கொன்றால் இறந்த முன்னோர் எழுந்து வருவார்கள் என்ற நோங்க்கவூசே என்ற சிறுமியின் தீர்க்கதரிசனத்தை நம்பிக் கோஸா மக்கள் மாடுகளைக் கொன்ற காலமும், அதே கடற்கரைக் கிராமத்தில் சூதாட்ட விடுதி கட்டவேண்டும் என்று நிற்கும் 1990-களும் மாறி மாறி வரும். எந்த நூற்றாண்டில் இருக்கிறோம் என்று சில பக்கங்களில் சட்டென்று பிடிபடாது. ஐரோப்பிய மாடுகளோடு வந்த நுரையீரல் நோயில் மந்தைகள் செத்துக்கொண்டிருந்ததும் நிலம் பறிபோனதும் சேர்ந்துதான் அந்தத் தீர்க்கதரிசனத்தை நம்பவைத்தன. கிட்டத்தட்ட 40,000 பேர் பட்டினியில் இறந்தார்கள். முட்டாள்தனம் என்று ஒதுக்க விடாமல், விடுதி வந்தால் வேலை வரும் என்ற வாக்குறுதியும் அதே வகைதானே என்று பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார் ம்டா.

தமிழில் சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் கற்பனை செய்த எதிர்காலத்தையும் நாம் தாண்டிவிட்டோம். ரோபோ நாய் ஜீனோவை ரசித்துப் படித்தவர்கள், அதில் பெயர்களைச் சுருக்கி, குழந்தை பெறவும் அனுமதி வாங்கவைக்கும் அரசை இப்போது மறுபடி படித்துப் பார்க்கவேண்டும். நாயைவிட அந்த அரசில்தான் 1980-களின் இந்தியா அதிகம் தெரிகிறது.

சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பதின்வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவார்கள். எழுத்துக்கூட்டி எழுதுவதற்கே நேரமாகும். 2060-ல் உங்கள் ஊர் எப்படியிருக்கும் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். பறக்கும் கார் வரும், கரண்ட் போகாது என்று பலரும் எழுதினார்கள். டர்பனுக்கு வடக்கே இருக்கும் டொங்காட்டிலிருந்து வரும் ஒரு பெண் மட்டும் பேத்திக்கு எழுதும் கடிதமாக எழுதியிருந்தாள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட்டின் குடிநீர் நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அவள் எழுதியது: 'அப்போ லாரி வரும். நானும் அண்ணனும் வாளி எடுத்து நிற்போம். நீ குழாய் திறக்கும்போது உனக்கு இது தெரியாது.' எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன், வாக்கியத்தைத் தொடவில்லை. கெப்பல்-ஜோன்ஸ் நின்ற அதே இடத்தில்தான் அவளும் நிற்கிறாள், நாளையில் நின்று இன்றைத் திரும்பிப் பார்க்கிறாள். ஆனால் அவள் நாளையில் தண்ணீர் வருகிறது.

அதை வாசித்துக் காட்டியதும் பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: "மிஸ், பேத்திக்குத் தமிழ் தெரியுமா?" பிள்ளைகள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதினால்தான் அவளுக்குப் போய்ச் சேரும் என்று ஒரு பக்கம். 1996 அரசமைப்புச் சட்டத்திலேயே தமிழை மதித்து வளர்க்கவேண்டிய மொழிகளில் ஒன்றாக எழுதியிருக்கிறது, அப்புறம் ஏன் தெரியாமல் போகும் என்று இன்னொரு பக்கம். கடிதம் எழுதியவள் விட்டுக்கொடுக்கவில்லை. "தெரியலைன்னா யாருகிட்டயாவது கேட்டுப் படிக்கட்டும்," என்றாள்.

சொல்பவர் எங்கே நிற்கிறார், யாருக்கு வாய் இருக்கிறது என்ற என் இரண்டு கேள்விகளோடு, அந்தப் பையன் கேட்டதையும் மூன்றாவதாகச் சேர்த்திருக்கிறேன்: அந்தப் பக்கம் வாங்கிப் படிக்கப்போவது யார்? இதை வைத்துப் பழைய நூல்களை மறுபடி திறந்தால் நிறைய நகர்கிறது. கெப்பல்-ஜோன்ஸ் 2015-ல் அச்சானதாகச் சொன்னாலும் 1947-ன் வெள்ளை வாக்காளர்களைப் பார்த்துத்தான் பேசுகிறார். பராசரருக்கு எதிரே மைத்ரேயர் உட்கார்ந்திருக்கிறார். மசான்டே ன்ட்ஷாங்கா 2019-ல் எழுதிய 'ட்ரையாங்குலம்' நாவலோ தொடங்குவதே 2040-ல் விண்வெளி நிறுவனத்துக்கு வந்து சேரும் ஒரு கைப்பிரதிப் பொட்டலத்தில்தான். பத்து வருடத்தில் உலகம் முடியும் என்று அதில் இருக்கிறது. உள்ளே இருப்பதோ பெரும்பாலும் ஒரு பெண் தான் வளர்ந்த சிற்றூரைப் பற்றியும் காணாமல்போன தன் அம்மாவைப் பற்றியும் எழுதிவைத்த நினைவுகள். அதைப் பிரித்துப் படிப்பவருக்கு அவள் யாரென்றே தெரியாது. பிள்ளைகளுக்கு அதிலிருந்து சில பக்கங்களைத் தமிழில் சொல்லி, அந்தப் பொட்டலத்தைப் பிரிப்பவர் பதில் எழுதினால் என்ன எழுதுவார் என்று கேட்கப்போகிறேன்.